முப்பத்தாறா, நாற்பத்தைந்தா?

நெடுநாள் எழுதாமைக்குப் பொறுத்தருள்க. ஆண்டிறுதித் தேர்வுத் தாள்கள் என்னை விடவில்லை.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் என் அக்காள் மகன் அங்குள்ள துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் சேர்ந்துவிட்டான். அக்காள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. காரணம் உண்டு. எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1948 ஜூன் 16-ஆம் நாள் அவ்வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. துப்பாக்கி என்ற சொல்லையே பாட்டி வீட்டில் எடுக்க விடமாட்டார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் காற்றுத் துப்பாக்கி ஏந்திய நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி தைபியை நினைவூட்டிய பிறகே அக்காள் சற்றுத் தணிந்தார்.

மருமகன் ஆடுவது 'பெஞ்ச்ரெஸ்ட்' என்னும் பிரிவு. துப்பாக்கியை மேசைமேல் மணற்பைகளில் கிடத்தி, நூறு கெஜத் தொலைவில் உள்ள தாளில் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதே கணக்கு. இதற்குத் துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி மிகுந்த உருப்பெருக்கம் உடையதாக இருக்க வேண்டும்.

"மாமா, முப்பத்தாறு மடங்கு வாங்கவா, நாற்பத்தைந்து வாங்கவா? நீங்கள் அறிவியல் ஆசிரியராயிற்றே!" என்று கேட்டான். விலையோ அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

எனக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்தது. 2018 ஜனவரி 31-ஆம் நாள் முழுச் சந்திர கிரகணம். மாணவர்க்குக் காட்டவெனப் பெற்றோர் கொடுத்த பணத்தில் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். பெட்டியில் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதில் மயங்கினேன். முகப்பு வில்லையின் விட்டம் அறுபது மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே பொது வரம்பு. நூற்றிருபதைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமே தவிர, தெளிவு கூடாது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் படித்த பாடந்தான்! வரிசையில் முதலில் நின்ற நான்காம் ஆண்டு மாணவி கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நிலா தண்ணிக்குள்ள ஆடுது" என்றாள். பின்னால் அத்தனை பெற்றோர். மிகக் குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்ணருகு வில்லையை மாற்றிய பிறகே நிலா அசையாமல் நின்றது. அதற்குள் கைக்குழந்தைக்காரர்கள் சிலர் வீடு திரும்பியிருந்தனர். அவர்களிடம் நான் இன்றுவரை விளக்கம் சொல்லவில்லை.

ஆகவே மருமகனுக்கு எண்ணைப் பார்க்காதே என்றே தொடங்கினேன். நண்பகலில் ஈப்போ நெடுஞ்சாலையின் தார்மேல் கானல் நெளிவதைக் கண்டிருப்பீர்கள். சுடுகளத்திலும் அதே கானல்தான். உருப்பெருக்கம் கூடக் கூட அந்த நெளிவும் பெருகும், பார்வைப் பரப்பு சுருங்கும், வெளிச்சமும் குறையும். ஆயினும் தேர்ந்தவர்கள் கானல் சாயும் பக்கத்தைப் பார்த்தே காற்றைக் கணிக்கிறார்கள். ஆதலால் நெளிவு தெரிய வேண்டும், இலக்கும் தெரிய வேண்டும்.

எடையும் உண்டு. இலகு பிரிவில் தொலைநோக்கியையும் சேர்த்துத் துப்பாக்கி பத்தரைப் பவுண்டைத் தாண்டலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இடமாறு பிழை. அளவுகோலை நேர்மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தால் அளவு பிசகும் என்று நம் மாணவர்க்குச் சொல்கிறோமல்லவா? அதேதான். துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் அசைத்துப் பார். குறுக்குக் கோடு இலக்கின்மேல் நகர்ந்தால் திருகைத் திருப்பிச் சரிசெய். சரிசெய்தும் நகர்கிற கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே என்றேன். மன்றத்து மூத்தவர்களிடம் இரவல் வாங்கி, உச்சி வெயிலில் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய் என்றும் சொன்னேன்.

முப்பத்தாறு மடங்கையே வாங்கினான். சென்ற வாரம் அவன் சுட்ட தாளின் படம் புலனத்தில் வந்தது. அக்காள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அஞ்சு குண்டு சுட்டேங்கிறான். ஒரே ஓட்டைதானே தம்பி இருக்கு? பாவம், மத்த நாலும் எங்க போச்சோ!"