மலையேறும் மெகாபிக்சல்

முகூர்த்த மாதங்களில் சேலத்து ஸ்டுடியோக்காரர்கள் விடிவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஏரிக்கரை, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட் என்று மணமக்களை நிற்க வைத்து அவுட்டோர் ஷூட் நடக்கிறது. ஆர்டர் பேசும்போதே, “கேமரா எத்தனை மெகாபிக்சலுங்க?” என்று வீட்டார் கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து 45 மெகாபிக்சல் கேமராவைத் தவணையில் வாங்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கடன் அவர்கள் படத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். சுவரில் மாட்டும் 12x18 படத்துக்கு 20 மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. ஃபுல் எச்டி திரையில் மொத்தமே 2 மெகாபிக்சல். ஃப்ளெக்ஸ் பேனரைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அதற்குப் புள்ளிகளின் நெருக்கம் இன்னும் குறைந்தாலும் போதும். 24-லிருந்து 45-க்குப் போனால் இரண்டு மடங்கு துல்லியம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பக்கவாட்டில் கூடுவது பாதிகூட இல்லை, நூற்றுக்கு 40-க்கும் குறைவு. துல்லியம் இரட்டிக்க வேண்டுமானால் மெகாபிக்சல் நான்கு மடங்காக வேண்டும். ஒரே படத்தை 12x36 ஆல்பத்தின் இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் வித்தியாசம் கண்ணில் படும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்காட்டின் மூடுபனியில் இந்தக் கணக்கும் கரைந்துபோகும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அருகிலுள்ள மரத்தில் இலை நரம்பும் நுனியில் திரளும் நீர்த்துளியும் தெரியும். அடுத்த மரத்தில் கொடியும் பட்டையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதற்கடுத்தது மரமா, வெறும் நிழலா என்றே சொல்ல முடியாது. பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்து நுட்பங்களை வழியிலேயே அழித்துவிடுகின்றன. வந்து சேராத ஒன்றை எந்த சென்சாரும் பதிவு செய்யாது. இங்கே படத்தைக் காப்பாற்றுவது எக்ஸ்போஷர். வெள்ளை வெளுத்துப்போகாமலும் சாம்பல் நிறத்தின் படிகள் ஒன்றோடொன்று கலக்காமலும் எடுக்கத் தெரிந்தவருக்கு, பத்து வருடப் பழைய கேமராவும் ஈடு கொடுக்கும்.

லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலம் நகரத்து விளக்குகளை எடுப்பதும் அப்படித்தான். ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்க வேண்டும், காற்றும் அடிக்கும். ட்ரைபாடு ஆடினால் கூடுதல் மெகாபிக்சலுக்குக் கொடுத்த காசு அங்கேயே வீண்.

அப்படியானால் உயர்துல்லியம் யாருக்கும் வேண்டாமா? வேண்டும். பின்னால் ஒருவர் அந்தப் படத்தை உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்றால் கட்டாயம் வேண்டும். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். இராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும் அடங்கிய அவருடைய தொகுப்பு 1858-இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய அவருக்கு ஒரே படம் போதவில்லை. சுவரை ஒட்டிக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களைச் சேர்த்து, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். மெழுகேற்றிய காகித நெகட்டிவில் செய்த வேலை இது! எழுத்துகள் தெரிய வேண்டும் என்ற அக்கறைதான் அவருக்கு வழியைக் காட்டியது.

அந்த அக்கறைக்கு ஏற்காட்டிலேயே இடம் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இங்கே உள்ளது. சில ஆர்க்கிட் பூக்கள் அரிசி மணியளவே இருக்கும். உதட்டிதழின் புள்ளியையும் மயிரையும் மடிப்பையும் பார்த்துத்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். இவ்வளவு அருகில் எடுக்கும்போது இதழின் முன்விளிம்பு தெளிந்தால் பின்விளிம்பு மங்கும். லென்ஸின் துளையை மிகவும் சுருக்கினாலோ ஒளி வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். அதனால் ஆர்க்கிட்டைப் படமெடுப்பவர்கள் ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குகிறார்கள். ட்ரைப் நீளவாக்கில் செய்ததை இவர்கள் ஆழவாக்கில் செய்கிறார்கள். இவர்கள் 45 மெகாபிக்சல் கேட்டால் நியாயம். ஆனாலும் முதலில் வாங்க வேண்டியது நல்ல மேக்ரோ லென்ஸும் கனமான ட்ரைபாடும்.