துணி எடுக்கப் போறோம்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் மகனைப் பதுளை ஆஸ்பத்திரியின் மனநல வாட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். "தீவாளிக்குத் துணி எடுக்கப் போறோம்னு சொல்லித்தாங்க பஸ் ஏத்துனேன்" என்றார் என்னிடம் தனியாக. வாட்டுக் கதவு மூடிய பிறகுதான் அவனுக்கு விளங்கியது. மருந்தில் தேறினான். ஆனால் வீடு திரும்பிய பிறகும் நெடுநாள், அம்மா ஊற்றித் தரும் தேத்தண்ணியை மோந்து பார்த்துத்தான் குடித்தான். மாத்திரையை நிறுத்தியதும் அந்தச் சந்தேகத்தால்தான்.

உளநலப் பணியாளராகத் தோட்டங்களுக்குப் போய்வரும் எனக்கு அதுதான் முதல் பாடம். அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றைக் காம்பராவில் நாலு இரவு தூங்காமல் கத்தும் பிள்ளையை வைத்துக்கொண்டு, காலையில் கொழுந்துக்கும் போக வேண்டும். ஆஸ்பத்திரி என்றாலே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், 'அங்கொடை' மனநோய் வைத்தியசாலை என்றுதான் காதில் விழும்.

சட்டமும் பழையது. இலங்கையில் மனநோய்க்கான கட்டாயச் சிகிச்சைக்கு அடிப்படையான சட்டம் 1873இல் வந்தது. மலைநாட்டில் அப்போது கோப்பிக் காலம். மாவட்ட நீதிமன்ற விசாரணையையும் பெரிய மனநோய் வைத்தியசாலையையும் நினைத்து எழுதிய சட்டம் அது. 1956இல் திருத்தினார்கள். உள்ளூரிலேயே சிகிச்சை வேண்டும், புதிய சட்டம் வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு உளநலக் கொள்கை சொன்னது. ஆனால் பதுளையில் நான் கண்டவரை, எல்லாம் உறவினர் ஒருவரின் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நோயாளியிடம் யார், எந்த மொழியில், என்ன சொன்னார்கள்? ஒரு வைத்தியசாலையில், சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தில் ஒரு அக்கா பெருவிரல் வைத்ததைப் பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், நலமாக இருக்கும்போதே தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், தனக்காக யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்கலாம். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் ஏற்ற இலங்கையர் நாம் அப்படியொரு சட்டத்துக்கு ஏன் தாமதிக்கிறோம்?

இதற்கிடையில் நான் செய்வது சின்ன வேலை. வாசற்படியில் உட்கார்ந்து, "தம்பி, நீங்க தூங்கி நாலு நாளாச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போறோம். தங்கச் சொன்னாலும் சொல்லுவாங்க" என்பேன். சிலர் கல்லை எடுப்பார்கள். பிடித்து ஊசி போட நேர்ந்தால்கூட, என்ன ஊசி, எதற்கு என்று காதருகே தமிழில் சொல்வேன். அப்படிச் சொல்லி அழைத்துப் போனவர்களில் பலர் அடுத்த கிளினிக்குக்குத் தாங்களே பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

புதிய சட்டம் வரும்போது, தடுத்து வைப்பதற்கான காரணத்தை நோயாளிக்கு அவர் மொழியிலேயே எழுதித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். அதுவரை, உங்கள் வீட்டில் ஒருவரை அழைத்துவர நேர்ந்தால், எங்கே போகிறோம் என்பதை லயத்து வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.