வெள்ளவத்தையிலிருந்து கட்டுபெத்தைக்கு

வெள்ளவத்தை என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்ச் செவிக்கு வெள்ளமே முதலில் நினைவுக்கு வரும். சிங்களத்தில் அப்பெயரின் பொருள் வேறு. ‘வெல்ல’ என்றால் மணல். ‘வத்த’ என்றால் தோட்டம். அந்த மணற்றோட்டத்தில் இன்று மணலைக் காணவேண்டுமாயின் புகையிரதப் பாதையைக் கடந்து, அலைக்கு அணையாகக் கொட்டிய கருங்கற்களையும் தாண்டவேண்டும். காலி வீதியின் இரு மருங்கிலும் புடைவைக் கடைகள், நகைக் கடைகள், தோசை மணக்கும் சைவ உணவகங்கள். ஒழுங்கைகளுக்குள்ளே வானை அளாவும் தொடர்மாடி வீடுகள். 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இல்லமும், இராமகிருஷ்ண மிஷனின் மண்டபமும் இங்கேயே உள்ளன.

இவ்வீடுகளில் வாழ்வோரை “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால், வெள்ளவத்தை என்று விடை கூறுவோர் சிலரே. பளை என்பார் ஒருவர். கிளாலி என்பார் மற்றொருவர். எழுதுமட்டுவாள், முகமாலை என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாரும் உளர். அவர்களுள் பலர் தம் காணியைக் கண்ணாற் கண்டு ஆண்டுகள் பல கடந்தன. போர் 2009இல் முடிந்தது. மண்ணுக்குள் புதைத்த மிதிவெடிகளுக்கோ போர் முடிந்த செய்தி எட்டுவதில்லை. மனிதன் கால் வைக்க இயலாத அத்தகைய நிலத்திலே இயந்திரத்தை நடக்கவிடலாமா என்று ஆராய்ந்த இடம் ஒன்று, வெள்ளவத்தைக்குத் தெற்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. அங்குச் செல்லும் வழியை வாசகர்களோடு சேர்ந்து பார்ப்பது இவ்வாரத்து நோக்கம்.

வெள்ளவத்தை நிலையத்திலே தெற்கு நோக்கிய புகையிரதத்தில் ஏறுகின்றோம். வலப்புறம் முழுவதும் கடல். தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அலையின் துளி யன்னல் வழியே முகத்திற் படும்போது பிள்ளைகள் சிரிக்கின்றனர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டு இதே தண்டவாளங்களின் வழியே மாத்தறையை நோக்கிச் சென்ற புகையிரதம் ஒன்று, பெரலிய என்னுமிடத்தில் ஆழிப்பேரலையில் அகப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்விடத்திலேயே மாண்டனர். ஆபத்து எங்கே வருகின்றது, அங்கே யாரை அனுப்புவது என்னும் கேள்விகள் இந்த நாட்டுக்குப் புதியனவல்ல.

அங்குலானையிலோ மொறட்டுவையிலோ இறங்கிக் காலி வீதிக்கு வந்து, கட்டுபெத்தைச் சந்தியிற் கிழக்கே திரும்பினால், பொல்கொடை ஏரியின் அருகே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைக் காணலாம். மொறட்டுவை தச்சர்களின் ஊர். இலங்கையின் எத்தனையோ வீடுகளிலுள்ள கட்டிலும் அலுமாரியும் இங்கே பிறந்தவை. கைத்தொழிலுக்குப் பேர்போன அவ்வூரிலே, 1960இல் கனடா நாட்டின் உதவியோடு தொழினுட்ப நிறுவகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1966இல் அது இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியாகியது. 1972இல் பல்கலைக்கழக வளாகமாகியது. 1978இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் ‘கட்டுபெத்தை’ என்றாலே பொறியியல் என்று பொருள்கொள்ளும் குடும்பங்கள் பல.

இங்கே மின்பொறியியல் பயின்று 1996இல் பட்டம் பெற்றவர் திரிஷாந்த நாணயக்கார. பின்பு யப்பானிலுள்ள சாகா பல்கலைக்கழகத்திற் பயின்று 2001இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபின், தாம் பயின்ற கட்டுபெத்தைக்கே ஆசிரியராகத் திரும்பினார். அயல்நாட்டில் இருந்திருப்பின் தூய்மையான ஆய்வுகூடத்திலே பளபளக்கும் றோபோக்களைச் செய்துகொண்டு இருந்திருக்கலாம். இங்கேயோ அவர் கையில் எடுத்துக்கொண்டது, இந்நாட்டு மண்ணிலே புதைந்து கிடந்த மிதிவெடிப் பிரச்சினை.

மனிதன் செல்லலாகாத இடத்துக்கு இயந்திரத்தை அனுப்பும் கலைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. 1979இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. கதிரியக்க நீர் நிறைந்த அதன் நிலவறைக்குள் மனிதர் நுழைய இயலவில்லை. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் விட்டேக்கர் என்பாரும் அவருடைய குழுவினரும் 1980களில் றோபோக்களைச் செய்து உள்ளே இறக்கினர். 1993இல் எரிமலை ஆராய்ச்சியாளர் சிலர் வாயை ஆராயச் சென்ற இடத்தில் மாண்டனர். அடுத்த ஆண்டிலே எட்டுக்கால் றோபோவான ‘இரண்டாம் தாந்தே’, அலாஸ்காவிலுள்ள ஸ்பர் எரிமலையின் வாய்க்குள் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கி வாயுக்களை ஆராய்ந்தது. மேலே ஏறிவரும்போது சரிவிலே புரண்டு விழுந்தது.

2002இல் அதே பென்சில்வேனியாவில், கைவிடப்பட்ட பழைய சுரங்கமொன்றின் நீர் பாய்ந்ததால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 9 பேர் நிலத்தடியில் அகப்பட்டு, பின்னர் உயிரோடு மீட்கப்பட்டனர். பழைய சுரங்கத்தின் எல்லையைச் சரியாகக் காட்டும் படம் இல்லாமையே அவ்விபத்துக்குக் காரணம். அத்தகைய சுரங்கங்களுக்குள் சென்று படம் வரையும் றோபோவை விட்டேக்கரின் குழுவினர் 2003இல் ஓட்டிக் காட்டினர்.

வெற்றிகளை மட்டும் சொல்வது முறையன்று. 1986இல் செர்னோபில் அணு உலையின் கூரையைத் துப்புரவு செய்ய அனுப்பிய இயந்திரங்கள் கதிரியக்கத்தாற் செயலிழந்தன. ஈற்றில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் மண்வெட்டியோடு ஏறவேண்டியதாயிற்று. 2011இல் யப்பானின் புக்குஷிமாவில் ‘குவின்ஸ்’ என்னும் றோபோ, தன் தொடர்புக் கம்பி அறுந்தமையால் அணு உலைக் கட்டடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. நம் நாட்டிலே 2014 ஐப்பசியில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகளை மலை மூடியபோது, உறவினர்கள் நம்பி நின்றது பெக்கோ இயந்திரங்களையும் மண்வெட்டிகளையுமே. றோபோ என்றால் எல்லாம் செய்யும் பூதம் என்று எண்ணுவோர் இவற்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, மிதிவெடிக்கு வருவோம். அதைத் தேடுவதிலே என்ன கடினம் என்று மாணவர்கள் கேட்கலாம். உலோகத்தைக் காட்டும் கருவி ஆணிக்கும் ஒலிக்கும். துப்பாக்கிக் கோதுக்கும் ஒலிக்கும். போர் நடந்த நிலத்திலே இரும்புத் துண்டுகளுக்குக் குறைவில்லை. மிதிவெடிகள் பலவோ பிளாத்திக்கினால் ஆனவை. அவற்றிலுள்ள உலோகம் மிகச் சொற்பம். ஆயினும் உள்ளிருக்கும் வெடிமருந்தின் மணம் சிறிது சிறிதாக மண்ணுக்குள் கசியும். அதனை நுகர்ந்தறிய விலங்கின் மூக்கு வேண்டும். வடக்கின் நிலமோ முட்பற்றையும் வடலியும் மண்டியது. அங்கே சில்லுப் பூட்டிய வண்டி எளிதில் ஓடாது.

நாணயக்காரவும் அவருடைய குழுவினரும் கண்ட துணை, நம் வேலிகளிலே ஓடித் திரியும் கீரி. அதன் மூக்குக் கூர்மையானது. உடல் எடையோ மிதிவெடியை வெடிக்கச் செய்யாத அளவுக்குச் சிறியது. ஆனால் கீரியை அதன் போக்கில் விட்டால், ஓரிடத்தை மோந்து மற்றோரிடத்தைத் தாண்டி ஓடிவிடும். தாண்டிய அந்த ஓரடி நிலத்திலே மிதிவெடி இருந்தால், பின்னர் அங்கே ஒரு பிள்ளையின் கால் படும். ஆகவே கீரியைக் கோலினால் றோபோவோடு பிணைத்தனர். நிலத்தை ஒழுங்காக, விட்டுப்போகாமல், கீரி மோந்து செல்லும்படி நடத்துவது றோபோவின் வேலை. மணத்தை அறிந்து, பழக்கியபடி குறிப்புக் காட்டுவது கீரியின் வேலை. பாதுகாப்பான தொலைவிலிருந்து அதனைப் பார்த்து முடிவு செய்வது மனிதனின் வேலை. மனிதன், விலங்கு, இயந்திரம் ஆகிய மூவரும் கூடிச் செய்யும் இம்முறை பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. உலகின் விஞ்ஞான ஏடுகளும் அதனைப் பேசின.

பின்பு அவர் இலண்டன் சென்றார். கிங்ஸ் கல்லூரியில் இருந்த காலத்தில், ஷெபீல்ட் ஹலம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து வேறொரு ஆய்வில் ஈடுபட்டார். தீப்பற்றிய கட்டடத்திலே புகை சூழ்ந்தால் தீயணைப்பு வீரருக்குத் தம் கையே தெரியாது; தலைக்கவசத்தினால் செவியும் சரியாகக் கேளாது. அவருக்கு முன்னே றோபோ ஒன்று செல்கின்றது. அதனோடு பிணைத்த கடிவாளத்தை வீரர் பிடித்திருக்கின்றார். கடிவாளத்தின் இழுப்பே மொழி. கண் தெரியாதவரை நாய் அழைத்துச் செல்வதுபோல் றோபோ அவரை அழைத்துச் செல்கின்றது. கட்டுபெத்தையில் றோபோவோடு இணைந்திருந்தது கீரி, இலண்டனிலோ மனிதன். இருவகையிலும் ஒருவர் மற்றவரை நம்பிப் பின்தொடரவேண்டும். அந்த நம்பிக்கையை இயந்திரத்திலே எப்படி அமைப்பது என்பதே இவ்விரு ஆய்வுகளுக்கும் பொதுவான கேள்வியாக நமக்குத் தோன்றுகின்றது. பின்னர் அவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியரானார்.

அப்படியானால் முகமாலையின் மிதிவெடிகளை அகற்றியவை றோபோக்களா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் தொடங்கிய அப்பணியைப் பெரும்பாலும் மனிதக் கைகளே செய்தன. முகத்திற் கவசம் அணிந்து, வெயிலிலே முழந்தாளிட்டு, ஒவ்வோர் அங்குலமாக மண்ணைக் கிளறியோரிற் கணிசமானோர் பெண்கள். போரிலே கணவரை இழந்து குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்தவர்களும் அவர்களுள் உளர். 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகைகள் முகமாலையிலே நின்றன. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 மார்கழியிற் சேர்ந்தது. அது இலங்கைக்கு நடைமுறையான 2018 ஆனி தொடக்கம், நிலம் முழுவதையும் துப்புரவாக்குவதற்கு விதித்த காலம் 10 ஆண்டுகள்.

ஆகவே கட்டுபெத்தை ஆய்வு வீணாயிற்று என்று எவரும் எண்ணற்க. ஆய்வுகூடத்திற் கண்டது வயலுக்கு வந்து சேரும் பாதை நீண்டது. முழந்தாளிட்டிருக்கும் அப்பெண்ணின் கைக்கும் மிதிவெடிக்கும் இடையே இன்னும் ஒரு முழத் தொலைவே இருக்கின்றது. அத்தொலைவை ஒரு கோலளவாவது கூட்டுவது எப்படி என்பதே கீரியையும் கோலையும் கொண்டு கேட்ட கேள்வி. கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ‘இதனால் என்ன பயன்?’ என்று அலுத்துக்கொள்ளும் மாணவ மாணவியர், அடுத்தமுறை பாட்டியிடம் ஊர்க் காணியைப் பற்றிக் கேட்டுப் பார்க்கட்டும். கிணற்றடியையும் வேலியையும் பனைகளையும் அவர் எண்ணிச் சொல்வார். அங்கே காலை வைக்கலாமா என்னும் கேள்விக்குத்தான் இனி வருபவர்கள் விடை காணவேண்டும்.