பெட்டி க்ராக்கர் என்று யாரும் இல்லை

கேசரோல் என்றால் தமிழ்நாட்டில் சப்பாத்தியைச் சூடு ஆறாமல் எடுத்து வைக்கும் டப்பா. அமெரிக்காவில் அது ஓவனில் வைக்கிற ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்தில் செய்கிற சமையலுக்கும் அதே பெயர்தான். வேகவைத்த நூடுல்ஸ், ஒரு டின் டூனா மீன், ஒரு டின் காளான் சூப், கொஞ்சம் பால், ஒரு கை பட்டாணி. எல்லாவற்றையும் கலந்து பாத்திரத்தில் கொட்ட வேண்டும். மேலே உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் அரை மணி நேரம் விட்டால் போதும். முடிந்தது சமையல். 1950களில் எத்தனையோ அமெரிக்க வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு இதுதான். மறுநாள் மீட்லோஃப், அதாவது கொத்திய மாட்டிறைச்சியில் ரொட்டித்தூளும் முட்டையும் வெங்காயமும் பிசைந்து, செங்கல் மாதிரி பிடித்து, தலையில் கெட்சப் தடவிச் சுட்டது. அதற்கு மறுநாள் மக்ரோனியும் சீஸும்.

இந்தச் சமையலைப் பார்த்துச் சிரிப்பது ரொம்பச் சுலபம். பழைய சமையல் புத்தகப் படங்களை இணையத்தில் போட்டுச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பச்சை நிற எலுமிச்சை ஜெல்லிக்குள் துருவிய கேரட்டும் அன்னாசித் துண்டும் மாட்டிக்கொண்டு முழிக்கும், அதற்கு சாலட் என்று பெயர் வேறு! ஆனால் சிரிப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தது யார்?

அதற்கு முன்னால் அந்தக் காளான் சூப்பைப் பற்றிக் கொஞ்சம். கேம்பெல் நிறுவனம் அதை 1934இல் விற்க ஆரம்பித்தது. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவைப் புரட்டிப் போட்டிருந்த காலம். குடிப்பதற்கான சூப்தான். ஆனால் அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று அதற்கு வந்து சேர்ந்தது. வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி வெள்ளை சாஸ் செய்கிற வேலையை இந்த டின் ஒரே நொடியில் முடித்துவிடும். மினசோட்டா மாநிலத்தில் இதற்கு 'லூத்தரன் பைண்டர்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அங்கே லூத்தரன் தேவாலயங்களின் விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். அதில் பாதியை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சூப்தான் :-)

1937இல் க்ராஃப்ட் நிறுவனத்தின் மக்ரோனி சீஸ் பெட்டி வந்தது. விலை 19 சென்ட், நாலு பேர் சாப்பிடலாம். பிறகு போர். 1942இல் சர்க்கரைக்கு ரேஷன். 1943இல் டின் உணவு, இறைச்சி, வெண்ணெய், சீஸ் எல்லாவற்றுக்கும் ரேஷன். ஒரு ரேஷன் புள்ளிக்கு இரண்டு மக்ரோனி பெட்டி கிடைத்தது, வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் எதை வாங்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக இந்தச் சமையலின் வேர் சோம்பேறித்தனம் இல்லை. பஞ்சத்தில் பிறந்து, போரில் வளர்ந்து, போர் முடிந்து கையில் காசு வந்த பிறகும் பழக்கம் விடாமல் தொடர்ந்த சமையல் இது.

சரி, கேள்விக்கு வரலாம். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்களிடம் சமையலில் கெட்டிக்காரி யார் என்று கேட்டிருந்தால் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். பெட்டி க்ராக்கர்.

வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை.

1921இல் மினியாபொலிஸ் நகரத்தின் ஒரு மாவு மில், வாஷ்பர்ன் க்ராஸ்பி, பத்திரிகையில் புதிர்ப் போட்டி விளம்பரம் ஒன்று போட்டது. விடைகள் மூட்டை மூட்டையாக வந்தன. கூடவே, கேட்காமலே, சமையல் சந்தேகங்களும் வந்தன. கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது, ரொட்டி ஏன் உப்பவில்லை, இப்படி. பதில் எழுத ஆள் இருந்தது, ஆனால் பெண்களின் கேள்விக்கு ஒரு பெண் கையெழுத்துப் போட்டால்தான் நன்றாக இருக்கும் என்று கம்பெனிக்குத் தோன்றியது. ஓய்வு பெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயர் க்ராக்கர். அதற்கு முன்னால் கேட்க இனிமையாக ஒரு 'பெட்டி'. கையெழுத்து, அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. 1924இல் வானொலியில் குரலும் வந்துவிட்டது. 1936இல் முகமும் வந்தது, நேசா மக்மெயின் என்ற ஓவியர் அங்கே வேலை செய்த பெண்களின் சாயல்களைக் கலந்து வரைந்தார். 1945இல் ஃபார்ச்சூன் பத்திரிகை, அமெரிக்காவில் எலியனோர் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடியாக மக்கள் அதிகம் அறிந்த பெண் இவர்தான் என்று எழுதியது. ஜனாதிபதியின் மனைவிக்கு அடுத்த இடம், இல்லாத ஒருத்திக்கு!

(1996இல், 75ஆம் பிறந்தநாளுக்கு, 75 பெண்களின் முகங்களைக் கணினியில் கலந்து அவருக்குப் புது முகம் கொடுத்தார்கள். வயது ஏற ஏற இளமையாகிக்கொண்டே போகிற வரம் எல்லோருக்கும் கிடைக்காது.)

இப்போது இன்னொரு பெண். இவர் நிஜமாகவே இருந்தவர். டோர்கஸ் ரைலி, 1926இல் பிறந்தவர். ட்ரெக்ஸல் கல்லூரியில் மனையியல் படித்து 1947இல் பட்டம் வாங்கினார். பிறகு நியூ ஜெர்ஸியின் கேம்டன் நகரத்தில் கேம்பெல் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் வேலை. கம்பெனியின் டின்களை வைத்து வீட்டுப் பெண்கள் என்னென்ன செய்யலாம் என்று சமைத்துப் பார்த்துச் செய்முறை எழுதுவதுதான் அங்கே தொழில். 1955இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஒரு கட்டுரைக்காக, எல்லார் வீட்டிலும் எப்போதும் இருக்கிற பொருட்களை மட்டும் வைத்து ஒரு கூட்டு வேண்டியிருந்தது. எல்லார் வீட்டிலும் இருப்பது பீன்ஸ், அப்புறம் அந்தக் காளான் சூப். ரைலியும் அவர் குழுவினரும் செய்து பார்த்தார்கள். வேகவைத்த பீன்ஸ், ஒரு டின் சூப், பால், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், மிளகுத்தூள், மேலே டின்னில் வரும் வறுத்த வெங்காயம். ஆறே பொருள். 25 நிமிடம் ஓவனில், பிறகு மீதி வெங்காயத்தைத் தூவி இன்னொரு 5 நிமிடம்.

அதுதான் க்ரீன் பீன் கேசரோல். நவம்பர் மாதம் தேங்க்ஸ்கிவிங் அன்று வான்கோழிக்குப் பக்கத்தில் இது இல்லாத மேஜை குறைவு. சுமார் 2 கோடி வீடுகளில் பரிமாறப்படுகிறது என்று கம்பெனியே கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு ரைலியின் பெயர் தெரிந்திருக்கும்? பல வருடம் கழித்துப் பத்திரிகைக்காரர்கள் தேடி வந்து கேட்டபோது, அதைச் செய்த நாள் அவருக்கே ஞாபகம் இல்லை. நாள் முழுக்க ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அது இன்னொரு செவ்வாய்க்கிழமை வேலை, அவ்வளவுதான். தக்காளி சூப்பில் செய்யும் ஸ்லாப்பி ஜோ, டூனா நூடுல்ஸ் கேசரோல் என்று அவர் கை பட்ட பண்டங்கள் இன்னும் நிறைய. பிள்ளைகள் பிறந்தபோது வேலையை விட்டார். 1981இல் திரும்பி வந்து அதே சமையலறைக்கு மேலாளர் ஆனார், 1988இல் ஓய்வு பெற்றார்.

இவ்வளவு டின், இவ்வளவு பெட்டி, ஃப்ரிட்ஜ், மின் அடுப்பு எல்லாம் வந்த பிறகு அம்மாக்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்க வேண்டும் அல்லவா? விளம்பரங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லின. 1974இல் ஜோன் வானெக் என்ற சமூகவியலாளர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். வெளி வேலைக்குப் போகாத பெண்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரம். 1960களில் 55 மணி நேரம்! சமையலில் மிச்சமான நேரத்தைத் துவைப்பதும், கடைக்குக் கார் ஓட்டிப் போவதும், பிள்ளைகளைக் கவனிப்பதும் பிடுங்கிக்கொண்டன. அதற்கு முந்தின தலைமுறையில் கொஞ்சம் வசதியான வீட்டிலேயே சமையலுக்கும் துவைப்பதற்கும் கூலிக்கு ஆள் இருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், கையில் ஒரு டின் ஓப்பனர். அந்த டின் ஓப்பனரையும் பிடுங்கிக்கொண்டு, இதெல்லாம் ஒரு சமையலா என்று கேட்பது அநியாயம்.

அந்தப் பெண்கள் விளம்பரத்தைப் பார்த்து மயங்கித் தலையாட்டினார்கள் என்பதும் கட்டுக்கதை. கேக் மிக்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற மிக்ஸ் விற்கவில்லையாம், ஒரு மனோதத்துவ நிபுணர் வந்து "ஒரு முட்டையை அவர்களே உடைத்து ஊற்றட்டும், குற்ற உணர்ச்சி போய்விடும்" என்றாராம், உடனே விற்பனை பிய்த்துக்கொண்டு போனதாம். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் ரொம்பப் பிரபலமான கதை. உண்மையில் பிட்ஸ்பர்கின் டஃப் நிறுவனம் 1935இலேயே தன் காப்புரிமை ஆவணத்தில், பெண்கள் புது முட்டையைத்தான் விரும்புகிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டது. நிபுணர் வருவதற்கு ரொம்ப முன்னால். காரணமும் சாதாரணமானது. முட்டைத்தூள் போட்ட கேக்கைவிட நிஜ முட்டை போட்ட கேக் நன்றாக இருக்கும். இது தெரிய மனோதத்துவம் எதற்கு, நாக்கு போதாதா?

இந்தச் சமையலில் உருப்படியாக நடந்த ஒரு காரியத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. செய்முறை இவ்வளவு சுலபமானதும் சமையலறைக்குள் குழந்தைகளும் வந்துவிட்டார்கள். 1957இல் பெட்டி க்ராக்கர் பெயரில் சிறுவர் சிறுமியருக்கென்றே ஒரு சமையல் புத்தகம் வந்தது. தலைப்பிலேயே பையன்களும் உண்டு, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 12 பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்துச் சொன்ன பிறகே செய்முறைகளை அச்சிட்டார்கள். அதில் ராகடி ஆன் சாலட் என்று ஒன்று. பாதி பீச் பழம் உடம்பு, அவித்த முட்டை தலை, செலரித் தண்டு கை கால், துருவிய சீஸ் முடி, கீரை இலை பாவாடை. சாப்பாடா பொம்மையா என்று தெரியாது, எட்டு வயசுப் பிள்ளைக்கு அது தெரியவும் வேண்டாம். ஒரு கோட்டை கேக்கும் உண்டு. அன்று அதைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் பாட்டி தாத்தா ஆன பிறகும் மறக்கவில்லை போலிருக்கிறது, 2003இல் அந்தப் புத்தகத்தை அப்படியே பழைய வடிவத்தில் மறுபடி அச்சிட்டார்கள்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் சமையல் பிடிக்குமா என்ன? பிடிக்காது என்று வாயைத் திறந்து சொல்ல 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெக் ப்ராக்கன் விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுகிறவர். ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லேண்டில் வேலைக்குப் போகும் தோழிகளோடு சேர்ந்து, ராத்திரி சமைப்பதை நினைத்தாலே வருகிற எரிச்சலைப் பேசப்போய், ஆளுக்குச் சில சுலபமான செய்முறைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அதையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே 'சமையலை வெறுப்பவர்களுக்கான சமையல் புத்தகம்' என்கிற மாதிரிதான். கணவர் படித்துப் பார்த்து, மட்டம் என்றாராம். பதிப்பகங்களில் ஆண் ஆசிரியர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள், பெண்களுக்குச் சமையல் என்பது புனிதமான விஷயம் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே! கடைசியில் வாங்கியது ஒரு பெண் ஆசிரியர். 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. உள்ளே இருப்பதும் அதே டின் சூப் சமையல்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. பெட்டி க்ராக்கர் எப்போதும் புன்னகைத்துக்கொண்டே இருப்பார், ப்ராக்கனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் நிஜப் பெண்.

ருசியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உப்பு அதிகம், காரம் சுத்தமாக இல்லை, பீன்ஸ் குழைந்து போயிருக்கும். மேலே இருக்கும் மொறுமொறு வெங்காயம்தான் காப்பாற்றுகிறது. அந்த வெங்காயத்துக்காகவே பாத்திரத்தின் ஓரத்தைச் சுரண்டுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

2002இல் கேம்பெல் நிறுவனம், ரைலியின் செய்முறை அட்டையின் மூலப் பிரதியை அப்போது ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் இருந்த தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கத்துக்குக் கொடுத்தது. எடிசனின் பெயர் பொறித்திருக்கும் இடம் அது. அப்போது ரைலிக்கு வயது 76. 2018 அக்டோபரில், 92 வயதில் அவர் காலமானபோது உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின, பல பத்திரிகைகள் கீழே அந்தச் செய்முறையையும் சேர்த்தே அச்சிட்டன, இந்தத் தடவை அவருடைய பெயரோடு.