கல் கரையும் ஊர், கரையாத ஊர்

தருமபுரியைத் தொட்டுக்கொண்டு போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே வடக்கே போய்க்கொண்டிருந்தால் ஓசூர், பெங்களூரு, பெனுகொண்டா எல்லாம் தாண்டி அனந்தபூர் வருகிறது. அங்கே பெருஞ்சாலையை விட்டு இறங்கினால் தாடிபத்ரி. அதற்கப்பால் சுமார் முப்பது கிலோமீட்டரில் பேலம். எங்கள் வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டருக்குப் பக்கம். காலாண்டு விடுமுறைக்கு ஊட்டியா, கொடைக்கானலா என்று நடந்துகொண்டிருந்த வழக்கை “தரைக்கு அடியில ஆறு ஓடுற குகை” என்று நான் சொன்னதுதான் முடித்துவைத்தது. பிள்ளைகள் இருவரும் அப்போதே பையைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். வழக்கமாக வெளியூர் என்றாலே மாடு கன்றைக் காரணம் காட்டும் அப்பாவும், “நானும் வரேன்” என்றார்.

அவருக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ, கவட்டை வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டோ காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி. “அடியில ஆறாட்டம் ஓடுதுங்க” என்பார். மறுநாள் போர் லாரி வரும். ஆயிரம் அடி போன பிறகும் குழாயிலிருந்து வெள்ளைப் புழுதிதான் பறக்கும். இப்படி அந்த ஆற்றைத் தேடிக் காசைக் கரைத்தவர்களில் அப்பாவும் ஒருவர். ஆறு எங்கேயோ நிஜமாகவே அடியில் ஓடுகிறது என்றால் அதைக் கண்ணால் பார்க்காமல் விடுவாரா?

தாடிபத்ரியை நெருங்கும்போதே நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. சாலையின் இரு பக்கமும் கறுப்புக் கல் பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கல் அறுக்கும் பட்டறைகளிலிருந்து சாம்பல் நிறச் சேறு வாய்க்காலில் இறங்குகிறது. வயலுக்கு வேலி, வீட்டுக்குச் சுவர், டீக்கடைக்குப் பெஞ்சு எல்லாமே அந்தக் கல்தான். “நம்ம வீட்டு அடுப்பு மேடை!” என்று முதலில் கண்டுபிடித்தவள் ஏழாம் வகுப்பு படிக்கும் மூத்தவள். சரியாகத்தான் சொன்னாள். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் கடப்பா கல் என்று நாம் பதித்து வைத்திருப்பது இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்.

தாடிபத்ரியில் இரவு தங்கினோம். வட பெண்ணையாற்றங்கரையில் விஜயநகர காலத்துப் புக்கா ராமலிங்கேஸ்வரர் கோயில். ஊற்றுநீர் விடாமல் கசிந்து, லிங்கம் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்பாவின் முகத்தில் பக்தியைவிடக் கணக்குதான் அதிகம் ஓடியது. “எத்தன அடியில தண்ணி?” என்று பூசாரியிடம் கேட்டார். மொழி புரியாத பூசாரி விபூதி கொடுத்தார்.

குகை என்றால் மலை இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் எண்ணம். பேலத்தில் மலை இல்லை. சமதரையில் பெரிய கிணறுகள்போல வாய் பிளந்த பள்ளங்கள். அவற்றில் ஒன்றுக்குள் படி இறங்குகிறது. வெளியே நின்றால் உள்ளே இத்தனை பெரிய வீதிகள் இருப்பது தெரியவே தெரியாது. மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் மக்கள் நடக்கத் திறந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் குப்பை கொட்டும் பள்ளமாக வைத்திருந்த இதை, 1982, 83 ஆண்டுகளில் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு உள்ளே ஊர்ந்து போய் அளந்தது. பிறகு ஆந்திர அரசு மண்ணையும் சேற்றையும் வாரி வெளியே கொட்டி, விளக்கும் நடைபாதையும் போட்டு, 2002-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

இவர்களுக்கெல்லாம் முன்னால், 1884-இல், இந்தக் குகையைப் பற்றி எழுதிவைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். சென்னைப் பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கைக்கோடரியை எடுத்து, இந்தியாவின் தொல்பழங்காலத்தையே நமக்குக் காட்டிய அதே மனிதர்தான். அவர் கடைசிக் காலத்தில் குடியிருந்தது, எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில். அவர் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. ஏற்காடு என்றதும் சின்னவனுக்குப் படகுச் சவாரி ஞாபகம் வந்துவிட்டது. “இங்கயும் போட் உண்டாப்பா?”

போட் இல்லை. வியர்வைதான் உண்டு. குகை என்றால் குளிரும் என்று நினைத்தால், பேலம் உள்ளே புழுங்குகிறது. குழாய் வைத்துக் காற்றை உள்ளே செலுத்துகிறார்கள். அந்தக் குழாய் வாய்க்கு நேராக ஒவ்வொரு குடும்பமும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. சில இடங்களில் குனிந்து, சில இடங்களில் உடம்பைச் சாய்த்துப் போக வேண்டும். பெரியவர்கள் தலையைக் காப்பாற்றிக்கொண்டு வர, சின்னவன் நிமிர்ந்தபடியே ஓடினான். ஆலமரத்து விழுதுகள்போலத் தொங்கும் கல், ஆயிரம் படம் எடுத்த நாகம் என்று ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு பெயர். கோடிலிங்கக் கூடத்தில் கல்விழுதுகளும் கல்முளைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. சப்தஸ்வர குகையில் தொங்கும் கல்லைத் தட்டினால் வெண்கல மணி மாதிரி ஒலிக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சுருதி.

நான் அதிக நேரம் பார்த்தது கூரையை. பக்கவாட்டுச் சுவரும் கூரையும் வழவழவென்று அலையலையாகக் குழிந்திருக்கின்றன. விரலால் தடவினால் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் தட்டுப்படுகிறது. ஓடும் தண்ணீர் கல்லில் விட்டுப்போன தடம் அது. கூரை வரைக்கும் இந்தத் தடம் இருக்கிறது என்றால், ஒரு காலத்தில் இந்த வீதி முழுவதும் தண்ணீர் நிரம்பி ஓடியிருக்கிறது.

கடைசியில் பாதாள கங்கை. தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழம், குகையின் அடிமட்டம். படி இறங்க இறங்கத் தண்ணீர்ச் சத்தம் முதலில் வருகிறது, பிறகு தண்ணீர். ஒரு வாய்க்கால் அகலம்கூட இல்லை. கல்லிடுக்கிலிருந்து வந்து, சற்றுத் தூரம் ஓடி, மறுபடி கல்லுக்குள் நுழைந்து காணாமல் போகிறது. வற்றுவதில்லை என்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேலம் ஊர்க்கிணற்றுக்கு இந்தத் தண்ணீர்தான் போகிறது என்பது ஊர் நம்பிக்கை.

“இவ்ளோதானா ஆறு?” என்றான் சின்னவன். பரிசலில் ஏறி ஒகேனக்கல்லைப் பார்த்த பிள்ளைக்கு இது ஆறாகவே படவில்லை.

“நாம இவ்வளவு நேரம் நடந்து வந்தோமே, அதுதான்டா ஆறு. தண்ணி கீழ கீழ வழி கண்டுபிடிச்சு இறங்கிப் போயிடுச்சு. இது மிச்சம்” என்றேன். அவன் திரும்பி, வந்த வழியைப் பார்த்தான்.

மூத்தவளின் கேள்வி வேறு. “நம்ம ஊர்ல ஏன் இப்படி இல்ல?”

பதில் சொன்னது என் மனைவி. அடுப்பு மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைக்கச் சொல்வது ஏன்? விட்டால் கல்லின் பளபளப்புப் போய், வெளுத்த வட்டம் விழும். புளிப்பு கல்லைத் தின்றுவிடுகிறது. மழைநீரும் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துவிடுகிறது. எலுமிச்சை ஒரு மணி நேரத்தில் செய்வதை அது பல்லாயிரம் ஆண்டுகளில் செய்கிறது. விரிசல் வழியாகிறது, வழி வீதியாகிறது. அப்படிக் கரைந்த சுண்ணாம்பே வேறோர் இடத்தில் சொட்டிச் சொட்டி மீண்டும் கல்விழுதாக இறங்குகிறது.

தருமபுரிப் பாறை 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், சார்னகைட் வகை. அது இந்தப் புளிப்புக்கு அசையாது. ஒகேனக்கல்லில் கார்பனடைட் என்ற, சுண்ணாம்புச் சத்துள்ள அபூர்வப் பாறை கொஞ்சம் உண்டு. குகை உண்டாகும் அளவுக்கு இல்லை. அங்கே காவிரி கல்லைக் கரைக்கவில்லை. மணலையும் கூழாங்கல்லையும் உருட்டி அராவி, இருக்கிற வெடிப்பில் நுழைந்து பிளந்து இறங்குகிறது. எங்கள் ஆறு மேலேயே ஓடக் காரணம் அதுதான். அடியில் இருப்பதெல்லாம் விரிசல்களில் தேங்கிய கசிவு. நீரோட்டம் பார்ப்பவர் சொல்லும் ஆறு எங்கள் பாறைக்குள் ஓட இடமே இல்லை.

அந்தக் கசிவிலும் ஒரு வினை. பாறையோடு வெகுகாலம் ஒட்டிக் கிடக்கும் தண்ணீரில் கல் கரையாவிட்டாலும் கல்லிலுள்ள ஃபுளோரைடு கரைந்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. எங்கள் மாவட்டத்துப் பல ஊர்களில் அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்கள். அப்பாவின் பல்லில் உள்ள பழுப்புக் கோடுகள் வெற்றிலையால் வந்தவை அல்ல. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் காவிரியைக் குடித்து வளர்கிறார்கள்.

மேலே ஏறி வந்ததும் அப்பா சுற்றியிருந்த வயல்களைப் பார்த்தார். காய்ந்த செம்மண். “அடியில ஆறு ஓடியும் மேல காடு காஞ்சு கிடக்குதே” என்றார். பேலம் இருக்கும் ராயலசீமை எங்களைவிட மழை குறைந்த பூமி. பெய்வதும் கல்லின் விரிசல்களில் இறங்கிப் போய்விடுகிறது. கரையும் கல்லில் தண்ணீர் நிற்பதில்லை. கரையாத கல்லில் தண்ணீர் இறங்குவதில்லை. இரண்டு ஊர்க்காரனுக்கும் வழி ஒன்றுதான்: விழுகிற மழையை மேலேயே ஏரியிலும் குட்டையிலும் பிடித்துவைப்பது. நான் இதைச் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை.

பேலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பருத்தித் துணியும் தண்ணீர்ப் பாட்டிலும் மறக்க வேண்டாம். கோடையில் போகவே வேண்டாம். மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்கள் மேலேயே இருந்துவிடலாம். பேலம் போவதற்கு முன் ஒருமுறை ஒகேனக்கல்லைக் காட்டிவிட்டால், இரண்டையும் ஒப்பிட்டுப் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள். நம்மிடம் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூரு நெரிசலில் வண்டி நின்றிருந்தபோது, அடுத்த போருக்கு வைத்திருக்கும் பணத்தில் பண்ணைக்குட்டை வெட்டலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “வெட்டலாம். எதுக்கும் நீரோட்டக்காரர ஒரு வாட்டி கூப்பிட்டுக் கேட்டுட்டு வெட்டலாம்” என்றார்.