நீங்கள் திரும்பி வந்ததற்கு

அன்புள்ள அக்கா,

அரசுத் தாளில் நீங்கள் ‘பெண் சுகாதாரத் தன்னார்வலர்’. விருதுநகர் பக்கத்து எங்கள் தெருவில் ‘பி.பி. அக்கா’ என்றால்தான் தெரியும். நேரில் சொல்ல வாய் வராததை, உங்களைப் போன்ற மற்ற அக்காக்களும் படிக்கட்டும் என்று இப்படி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது நீங்கள் வருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். டவுனில் ஒரு டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருபது நாள் போட்டாள். “தலைசுத்தல் நின்னுபோச்சு, இனி எதுக்கு?” என்று நிறுத்திவிட்டாள். திருப்பூரிலிருந்து நான் போனில் கேட்கும்போதெல்லாம் “போட்டுட்டேன்” என்பாள். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆனால் பஸ் பிடித்துப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய நூறு நாள் வேலை போய்விடும். கால் வலி என்றால் கூலியை விட்டுவிட்டுப் போவாள். வலிக்கவே வலிக்காத ஒன்றுக்கு எப்படிப் போவாள்? பக்கவாதமோ மாரடைப்போ வரும் நாள்வரை பலருக்கு இந்த நோய் சத்தமே காட்டாது.

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மாத்திரைக்கா பஞ்சம்? ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும், விலை குறைந்த மருந்து. சுகாதார நிலையத்து அலமாரிக்கும் எங்கள் திண்ணைக்கும் நடுவே நடக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களையே அந்த வேலைக்கு அனுப்பியது. அப்படித்தான் நீங்கள் எங்கள் வாசலுக்கு வந்தீர்கள்.

அன்று நான் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு அம்மா வந்து நின்றாள். “காப்பி குடிச்சீங்களாம்மா?” என்றீர்கள். “இப்பத்தான் தாயி.” “அப்ப அரைமணி நேரம் கழிச்சு வர்றேன்.” பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனீர்கள். வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். சொன்னபடி வந்தீர்கள். அம்மாவைச் சாய்ந்து உட்கார வைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றச் சொல்லி, கைக்கு அடியில் தலையணை வைத்து, ஐந்து நிமிடம் பேசவிடாமல் இருத்தினீர்கள். 172/98. சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகச் சீட்டு எழுதினீர்கள். டாக்டர் மாத்திரை முடிவு செய்த பிறகு, அதை வீட்டுக்கே கொண்டுவந்தீர்கள்.

ஆனால் நான் மறக்காதது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த முறை வந்தபோது மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தீர்களாம். நான்கு மாத்திரை மிச்சம். நீங்கள் திட்டவில்லை. “எந்தெந்த நாள் விட்டுச்சு?” என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நான்கும் செவ்வாய்க்கிழமை. அம்மா அன்று விரதம். வெறும் வயிற்றில் மாத்திரை ஆகாது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். “இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடியும் போடலாம், பின்னாடியும் போடலாம்மா” என்றீர்கள். இப்போது விளக்கேற்றிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். போனில் எத்தனை முறை கேட்டிருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது.

கருவாட்டையும் ஊறுகாயையும் மெல்ல மெல்லக் குறைக்க வைத்தீர்கள். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த உப்புச் சாடி அடுப்படிக்குப் போய்விட்டது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள் என்று இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாள்.

நூற்றுக்கு 7 பேருக்கு மட்டும் கட்டுக்குள் இருந்த ரத்தக் கொதிப்பு, அண்மை ஆய்வில் 17 பேருக்குக் கட்டுக்குள் வந்திருக்கிறது. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் நூற்றுக்கு 83 பேர் இன்னும் மிச்சம். அத்தனை பேர் வாசலிலும் நிற்க வேண்டியவர்களுக்குத் தருவதை இன்னும் ‘ஊக்கத்தொகை’ என்றே சொல்கிறோம். வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் வேலைக்குச் சம்பளம் என்றுதான் பெயர் இருக்க வேண்டும். உங்களிடம் மாத்திரை வாங்கும் குடும்பங்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு 128/82. நீங்கள் வரும் நாளில் அவள் காலைக் காப்பியைத் தொடுவதில்லை. திண்ணையில் காலை ஊன்றிக் காத்திருக்கிறாள். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிய பிறகுதான் இரண்டு டம்ளரில் காப்பி வரும் என்று கேள்விப்பட்டேன்.

பங்குனிக்கு வருகிறேன். எனக்கு நாற்பது ஆகப் போகிறது. இதுவரை பி.பி. ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அடுத்து என் கையையும் பாருங்கள் அக்கா.


உங்கள் தெருவிலிருந்து திருப்பூருக்குப் போன மகள்