ஆறு குண்டுகளும் ஓர் இரவும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழியை வகுப்பில் விளக்கும்பொழுதெல்லாம் என் தாய்மாமன் நினைவுக்கு வருவார். "புல்லைப் பிடித்துக்கொண்டு காட்டுப் பன்றியின் முன் நிற்கட்டும், பார்ப்போம்" என்று நகைப்பார் அவர்.

பேராக் மாநிலத்தில் காட்டை ஒட்டிய தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். இரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. இளங்கன்றுகளின் குருத்தைத் தின்னப் பன்றிகள் இரவில் கூட்டமாக வரும். அவற்றைச் சுடுவதற்கு, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெற்று, ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை மாமா வைத்திருந்தார். ஒருமுறை சுட்டால் மறு தோட்டாவை இட்ட பின்னரே மீண்டும் சுட முடியும்.

இக்குறையைச் சுட்டிக்காட்டினார் தோட்டத்துக் கிராணியார். "அடிபட்ட பன்றி பாய்ந்தால் என்ன செய்வீர்? இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தால் ஆறு குண்டு கைவசம் இருக்குமே!" என்றார்.

"அந்த ஆறையும் எண்ணிப் பார்த்தவர் என் அப்பா" என்றார் மாமா.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டத் துரைமார் பலர் கெரில்லாக்களுக்கு அஞ்சி இடுப்பில் ரிவால்வர் அணிந்து திரிந்தனர். 1952இல் ஒருநாள், காயமுற்ற பன்றியைத் தேடி லாலாங் புதருக்குள் நுழைந்தார் ஒரு துரை. வழிகாட்டச் சென்றவர் என் தாத்தா. பன்றி பாய்ந்தது. ஆறு குண்டுகளும் வெடித்தன. இரண்டு பட்டும் பன்றி நிற்கவில்லை. அதன் கோரைப்பல் தாத்தாவின் தொடையைக் கிழித்தது. அவர் இறுதிவரை நொண்டியே நடந்தார்.

காரணம் எளிது. ரிவால்வரின் குழல் குட்டையானது. தோளில் ஊன்றிப் பிடிக்கவும் இயலாது. ஆதலால் கை சிறிது நடுங்கினும் குறி தவறும். .38 ரிவால்வர் குண்டின் விசை, வேட்டைத் துப்பாக்கியின் ஒற்றை ஈயக் குண்டினுடையதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. முதிர்ந்த ஆண் பன்றியின் தோளிலோ கேடயம் போன்ற தடித்த தோல் உண்டு. கரடிகள் உலவும் அலாஸ்காவில் .44 மேக்னம் போன்ற வலிய கைத்துப்பாக்கிகளை ஏந்துவோர் உளர். அங்கும் அது கடைசித் துணையாகவே கருதப்படுகிறது.

1984இல் எனக்கு வயது பதினான்கு. அந்தி நேரத்தில் மாமா சுட்ட பன்றி, குருதி சிந்தியவாறு புதருக்குள் மறைந்தது. "வாருங்கள் மாமா, பின்தொடர்வோம்" என்று துடித்தேன்.

"மாப்பிள்ளை, தாத்தாவின் காலை நினைத்துக்கொள்" என்றார் அவர்.

ஆயினும் அவர் வீடு திரும்பவில்லை. விடியுமுன் அவ்வழியே வேலைக்குச் செல்லும் பெண்களுள் என் தாயும் ஒருத்தி. மண்டோரிடம் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு, பாதையின் தலைப்பில் இரவு முழுதும் காவலிருந்தார். வந்தவர்களைத் திருப்பியனுப்பினார். நன்கு வெளுத்த பின்னரே, நாய்களுடனும் இரு துணைவருடனும் உள்ளே சென்றார்.

பன்றி இறந்து கிடந்தது. புதரின் விளிம்பிலிருந்து நாற்பது அடி தொலைவுகூட இல்லை. தான் வந்த வழியை நோக்கித் திரும்பிப் படுத்திருந்தது. என் சொற்கேட்டு நுழைந்திருந்தால் அதன் முகத்தெதிரே சென்றிருப்போம்.

இடுப்பில் ஆறு குண்டுகள் இருந்திருப்பின் மாமாவும் அன்றிரவு நுழைந்திருக்கக்கூடும் என்று இப்பொழுது எண்ணுகிறேன். தம் துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டா என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அந்த நினைவே அவரைக் காத்தது; எங்களையும் காத்தது.

பழமொழியை இன்றும் கற்பிக்கிறேன். வல்லவன் யார் என்று மாணவர் வினவினால், பாதையின் தலைப்பில் விடியும்வரை அமர்ந்திருந்த அம்மனிதரின் கதையைச் சொல்கிறேன்.